சந்தி எண்ணுகிறவன்

கவுன்ட்டி அலுவலகத்தின் நிலவறையில் என் வேலை எளிது.
தெருக்கள் கூடும் இடமெல்லாம் ஒரு புள்ளி வைக்க வேண்டும்,
எத்தனை கிளம்புகின்றன என்று பக்கத்தில் எழுத வேண்டும்.
நான்கு என்றால் நாற்சந்தி.
மூன்று என்றால் முச்சந்தி.
ஒன்று என்றால்
போனவன் வந்த வழியே திரும்ப வேண்டும்.
இரண்டு கணக்கில் வராது.
இரண்டு வெறும் வளைவு, அதற்குச் சம்பளமில்லை.

ஒமாஹாவில் தெருவுக்கு எண்தான் பெயர்.
ஆற்றை ஒட்டிப் பத்து, பதினொன்று, பதிமூன்று,
இறைச்சிக்கூடத்துக்கு நடந்து போனவர்களின் கால்களுக்கு
அளந்து போட்ட கட்டங்கள்.
அங்கே எண்ணுவது சலிப்பு.
நான்கு, நான்கு, மூன்று, நான்கு,
ரயில் பாதை குறுக்கிட்டால் மட்டும் ஓர் ஒன்று.
ரொட்டிக்கடைக்கு ஆறு வழி.
எதிரே கடன்கொடுத்தவன் வந்தால் ஏழாவதும் உண்டு.

நாற்பத்திரண்டாம் தெருவில் நடைபாதை மெலிகிறது.
எழுபத்திரண்டில் கார் நிறுத்துமிடம் கடையைவிடப் பெரிது.
நூற்று முப்பத்திரண்டைத் தாண்டியதும்
தெரு தன் எண்ணைக் கழற்றி வைத்துவிட்டு
அந்த மண்ணில் முளைத்தே இராத மரத்தின் பெயரை அணிந்துகொள்கிறது.
சிடார் கோர்ட். சிடார் சர்க்கிள். சிடார் கோர்ட் கிழக்கு.
ஒன்று, ஒன்று, மூன்று, ஒன்று.
ஒவ்வோர் ஒன்றின் நுனியிலும் ஒரு தார் வட்டம்,
வட்டத்தின் ஓரம் வலை கிழிந்த கூடைப்பந்துக் கம்பம்.
சந்தி பிரித்து எழுதிய ஊர்.
சொல் ஒவ்வொன்றும் விளங்குகிறது,
வாய்விட்டுப் படித்தால் ஓட்டமில்லை.

மேலாளர் ஜூடித் க்வாபில் பத்தாண்டுக்கு ஒரு நிறம் கேட்டாள்.
தீட்டினேன். தொண்ணூறுகள் ஆரஞ்சு,
மக்காச்சோள வயல்மேல் சிந்திய பழரசம்.
வரைகோடு அங்கேதான் தரையைத் தொட்டது.
அதன் பிறகு கொஞ்சம் நிமிர்ந்தது,
நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவன் மாதிரி.
நிற்குமா, மறுபடி படுத்துவிடுமா,
எனக்குத் தெரியாது. நான் எண்ணுகிறவன்.

நவம்பரில் மார்லீன் ஹ்ராபிக் படியிறங்கி வந்தாள்,
பள்ளிப் பேருந்து அறுபத்தொன்றின் ஓட்டுநர்,
கையில் தன் தடத்தை வரைந்த காகிதத் தட்டு.
"டீகன் வீட்டுக்கும் ஆஸ்கர் வீட்டுக்கும் பின்வேலி ஒன்றுதான்.
அவன் தும்மினால் இவள் வாழ்த்துகிறாள்.
அவனை ஏற்றிக்கொண்டு இவளை ஏற்றப் பதினான்கு நிமிடம்,
மூன்றரை மைல், மூன்று சிக்னல்.
உன் படத்தில் எங்கேயோ தப்பு."
"படம் சரி," என்றேன்.
"அப்படியானால் இன்னும் மோசம்," என்று போய்விட்டாள்.
தட்டை விட்டுப்போனாள். அதில் கெட்சப் கறை.

ஜனவரியில் விமானப் படங்கள் வந்தன.
எல்லாம் வெள்ளை. கூரையும் வெள்ளை, வட்டமும் வெள்ளை.
இரண்டு வட்டங்களுக்கு நடுவே
பென்சிலால் இழுத்தாற்போல் ஒரு சாம்பல் கோடு,
வேலியை ஒரு பலகை அகலத்தில் கடந்து போனது.
வீட்டுக்காரர் சங்கம் கடிதம் போட்டதாம்.
வெள்ளிக்கிழமைக்குள் பலகையை அடித்தார்களாம்.
பிப்ரவரிப் படத்தில் கோடு இரண்டடி தள்ளி இருந்தது.

மதிய உணவு வேளையில், யாரும் இல்லாதபோது
அதைப் புள்ளிக்கோடாக வரைந்தேன்.
கோடு தொட்டதும்
இரண்டு முனைகளும் வளைவாகிக்
கணக்கிலிருந்து மறைந்தன.

"ஒன்றுகளில் இரண்டு குறைகிறதே," என்றாள் ஜூடித்.
"பனி," என்றேன்.
கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தாள்,
கேட்காமல் போனாள்.

இப்போது ஏப்ரல்.
புல் வந்துவிட்டது, புதுப் படத்தில் கோடு இல்லை.
அழிக்கும் பொத்தான் இடது மூலையில் இருக்கிறது.
நான் இன்று நூற்றெண்பதாம் தெருவில் இருக்கிறேன்.
ஒன்று, மூன்று, ஒன்று.